கேமரா பார்ப்பது உருண்டைகளை மட்டும்தான்

மூளைக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கட்டி. மண்டையோட்டில் சிறிய திறப்பு. அதன் வழியாக அறுவை மருத்துவர் ஒரு மெல்லிய கருவியை உள்ளே விடுகிறார். முனை எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்துத் திரையில், நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்தின் மேல், ஒரு குறுக்குக்கோடு நகர்கிறது. கருவியை இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் அதுவும் அதே அளவு தள்ளிப்போகிறது.

இதைப் பார்க்கும்போது, மேலே கம்பத்தில் மாட்டியிருக்கும் கேமரா தலைக்குள் ஊடுருவிப் பார்க்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அந்தக் கேமராவுக்கு மூளையும் தெரியாது, கட்டியும் தெரியாது. கருவியின் முனைகூடத் தெரியாது. கைப்பிடியில் பொருத்தியிருக்கும் மூன்று நான்கு சாம்பல் நிற உருண்டைகளைத்தான் அது பார்க்கிறது. மற்றதெல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அந்த உருண்டை. ஒரு சென்டிமீட்டரைவிடச் சற்றே பெரியது. அதன் மேல்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கண்ணாடி மணிகள் நிறைந்திருக்கும். இரவில் வண்டியின் விளக்கு பட்டதும் சாலைப் பலகை பளிச்சென்று தெரிகிறதே, அதே தத்துவம்: ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே திரும்பிப் போகும். கேமராவில் இரண்டு லென்ஸ்கள், ஏறக்குறைய அரை மீட்டர் இடைவெளியில். ஒவ்வொன்றையும் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள். அவை மின்னும்போது உருண்டைகள் அந்த ஒளியை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்புகின்றன. லென்ஸின் வடிகட்டி மற்ற ஒளியைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், கேமராவுக்குக் கிடைக்கும் படம் கருப்புப் பின்னணியில் சில வெள்ளைப் பொட்டுகள், அவ்வளவுதான்.

உருண்டையை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டம் பல பிக்சல்களில் பரவி விழுகிறது. ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்துச் சராசரி எடுத்தால், வட்டத்தின் மையம் ஒரு பிக்சலின் சிறு பின்னம் வரை துல்லியமாகக் கிடைக்கும். அப்புறம் முக்கோணக் கணக்கு. ஒரு விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் மாறுவது போலத் தெரியும் இல்லையா? இரண்டு லென்ஸுக்கும் அப்படித்தான். இரண்டிலிருந்தும் கோடு இழுத்தால் அவை சந்திக்கும் இடத்தில் உருண்டை இருக்கிறது. இந்த வேலை நொடிக்குப் பல பத்து முறை நடக்கிறது. நல்ல கருவிகளில் ஓர் உருண்டைக்கான பிழை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஓர் உருண்டை இருந்தால் இடம் தெரியும், சாய்வு தெரியாது. இரண்டு இருந்தாலும் அவற்றை இணைக்கும் கோட்டைச் சுற்றிக் கருவி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தெரியாது. நேர்கோட்டில் அமையாத மூன்று இருந்தால் எல்லாமே தீர்மானமாகிவிடும். ஒவ்வொரு கருவியிலும் உருண்டைகளின் இடைவெளி வெவ்வேறு. அந்த இடைவெளிகளை வைத்தே எது எந்தக் கருவி என்று மென்பொருள் கண்டுபிடித்துவிடுகிறது.

சரி, முனையில்தான் உருண்டை இல்லையே, முனையின் இடம் எப்படித் தெரிகிறது? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். முனையை ஒரு சிறு குழியில் ஊன்றிக்கொண்டு கைப்பிடியை மெதுவாகச் சுழற்றுகிறார்கள். முனை நகர்வதில்லை. உருண்டைகள் மட்டும் அதைச் சுற்றி வளைந்து போகின்றன. எந்தப் புள்ளியிலிருந்து ஒவ்வோர் உருண்டையின் தொலைவும் எல்லா நிலையிலும் மாறாமல் இருக்கிறதோ, அந்தப் புள்ளியே முனை. ஆனால் முனை உருண்டைகளைவிட்டுத் தள்ளிப் போகப் போக, சாய்வில் ஏற்படும் சின்னப் பிழையும் அங்கே பெரிதாகிவிடும். கருவி லேசாக வளைந்துபோனாலும் அப்படித்தான். வளைந்தது கேமராவுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது நோயாளியின் மேல் இருக்கும் சட்டகம். தலையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில், முதுகெலும்பு என்றால் எலும்பிலேயே, இன்னொரு தொகுதி உருண்டைகளைப் பொருத்துகிறார்கள். எல்லா அளவும் இதைப் பொறுத்தே எடுக்கப்படுகிறது. அதனால் மேசையை நகர்த்தினாலும் கேமராவை யாராவது இடித்தாலும் கணக்கு கெடாது. ஆனால் இந்தச் சட்டகத்தையே ஒரு முழங்கை தட்டிவிட்டால், திரையில் எந்த எச்சரிக்கையும் வராமலே எல்லாம் தள்ளிப்போகும். கைமறைத்துக் கேமராவுக்கு உருண்டை தெரியாமல் போவது தொல்லைதான், ஆபத்தில்லை. திரை நின்றுவிடும், எல்லோருக்கும் புரிந்துவிடும். நின்றுவிடாமல் தப்பாகக் காட்டுவதுதான் பயப்பட வேண்டியது.

ஸ்கேன் படத்தையும் மேசையில் படுத்திருக்கும் மனிதரையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டுமே. ஸ்கேனுக்கு முன்பே தோலில் ஒட்டிய குறிகளைக் கருவி முனையால் ஒவ்வொன்றாகத் தொடலாம். அல்லது நெற்றி, மூக்குத்தண்டு மேல் முனையை ஓட்டி, அந்த வடிவத்தை ஸ்கேனில் உள்ள முகத்தோடு பொருத்தலாம். முடிந்ததும் மென்பொருள் ஒரு பிழை எண்ணைக் காட்டும். அது குறிகள் எவ்வளவு நன்றாகப் பொருந்தின என்பதைத்தான் சொல்கிறது, கட்டி இருக்கும் இடத்தில் எவ்வளவு பிழை என்பதை அல்ல. 1998-இல் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் அவருடைய சகாக்களும் இதைக் கணிதமாகவே காட்டினார்கள்: குறிகளின் மையத்தைவிட்டு இலக்கு விலக விலக, அங்கே பிழை கூடும். முகத்தை மட்டும் வைத்துப் பொருத்திவிட்டுப் பின்மண்டையில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் எண்ணை மட்டும் நம்புவதில்லை. மூக்கின் வேர், காதின் முன்மடல் என்று நன்கு தெரிந்த இடங்களைத் தொட்டு, திரையிலும் அதே இடம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்கிறார்கள்.

இதற்கு முன்பு தலையில் ஓர் உலோகச் சட்டத்தை மாட்டிவிட்டுத்தான் அளந்தார்கள். 1947-இல் அமெரிக்காவில் ஸ்பீகல், வைசிஸ் என்ற இரு மருத்துவர்கள் மனிதர்களிடம் அப்படித் தொடங்கினார்கள். 1986-இல் அமெரிக்காவின் டார்ட்மத்தில் டேவிட் ராபர்ட்ஸ் குழுவினர் சட்டத்தை விட்டுவிட்டு, அறுவை நுண்ணோக்கியின் இடத்தை ஒலியால் அளந்தார்கள். ஆனால் ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையோடு மாறும். ஒளிக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எலும்புக்கு இந்த முறை அருமையாகப் பொருந்துகிறது. முதுகெலும்பில் திருகாணி போடுவது, சைனஸ் அறுவை, மூட்டு மாற்று எல்லாவற்றிலும் எலும்பு ஸ்கேனில் இருந்த வடிவத்திலேயே இருக்கும். மூளை அப்படியில்லை. அதன் உறையைத் திறந்து நீர் வடிந்ததும் மூளை மெல்லச் சரிந்து அமிழ்கிறது. மேற்பரப்பு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கலாம். கேமரா அரை மில்லிமீட்டருக்குள் அளந்துகொண்டிருக்கும், திரையில் இருப்பதோ மூளையின் பழைய படம். அறுவையின் நடுவே அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்துப் புதுப்பிப்பது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு: கட்டியை அகற்றத் தொடங்கும் முன்பே, திரை இன்னும் சரியாகக் காட்டும் அந்தச் சில நிமிடங்களுக்குள், அதன் எல்லையைச் சுற்றி மெல்லிய குழாய்களை வேலிக்கால் போல நட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு மூளை சரிந்தால், குழாய்களும் அதனோடு சேர்ந்தே சரியும்.