அடுப்பில்லாமல் கொதிக்கும் வாளி

பொங்கலுக்கு முந்தைய பத்து நாட்களில் எங்கள் கண் பிரிவுக்குச் சுண்ணாம்பு தெறித்த கண்கள் வரும். வாளியைக் கிளறிய பெரியவர்கள், எட்டிப் பார்த்த பிள்ளைகள். மகனைத் தோளில் தூக்கி வந்த அப்பா ஒருவர் கேட்டார்: "அடுப்பே மூட்டல டாக்டர். பச்சைத் தண்ணிதான் ஊத்தினேன். எப்படிக் கொதிச்சுது?"

அடுப்பு முன்பே மூட்டியாயிற்று, காளவாயில். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு பிரிந்து போகும்; மிஞ்சுவதுதான் சுட்ட சுண்ணாம்பு. அதற்கு மோலுக்கு (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) 178 கிலோஜூல் வெப்பம் உள்ளே போகிறது. இது வெப்பம் கொள்வினை. நாம் தண்ணீர் ஊற்றி நீற்றும்போது அதில் 65 திரும்பி வெளியே வருகிறது. மீதி 113? அது சுவரில் வரும். அடித்த வெள்ளை, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகும்போது கணக்கு நேராகிவிடும். ஆனாலும் வெள்ளையடித்த சுவரைத் தொட்டு யாரும் கையைச் சுட்டுக்கொண்டதில்லை. அங்கே வெப்பம் நாள்கணக்கில் கசிகிறது; வாளியிலோ சில நிமிடங்களில் பாய்கிறது. எவ்வளவு வெப்பம் என்று பாடப்புத்தகம் கேட்கும். எவ்வளவு நேரத்தில் என்பதுதான் என் மேசைக்கு வரும் கேள்வி.

ஒரு கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பு நீறினால், மூன்றரை லிட்டர் தண்ணீர் கொதிக்கும் அளவு வெப்பம் வரும். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினால் அது ஆவியாகிச் சுண்ணாம்பையும் வாரிக்கொண்டு தெறிக்காமல் என்ன செய்யும்? நிறையத் தண்ணீரை முதலில் வைத்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், மூடி போட வேண்டாம். நீளமான கம்பு, கண்ணுக்குக் கண்ணாடி, பிள்ளைகள் வேறு தெருவில்.

தெறித்துவிட்டால், "தண்ணி பட்டா இன்னும் கொதிக்குமே" என்று பயந்து கண்ணைப் பொத்திக்கொண்டு வருகிறார்கள். அந்த அரைமணியில்தான் கருவிழி போகிறது. கொஞ்சமாகத் தண்ணீர் பட்டால்தான் சூடாகும். ஓடுகிற தண்ணீர் சூட்டையும் காரத்தையும் சேர்த்தே இழுத்துப் போய்விடும். முகத்தில் ஒட்டிய உலர்ந்த தூளைத் தட்டிவிட்டு, இமையை விரித்துப் பிடித்து, குழாயடியில் குறைந்தது 30 நிமிடம் கழுவுங்கள். பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். அதன்பிறகு வண்டி பிடிக்கலாம். இமைக்குள் சிக்கிய துணுக்கை நாங்கள் எடுக்கிறோம். காரத்துக்கு அமிலம் மாற்று என்று எலுமிச்சை பிழிந்த ஒருவரையும் பார்த்தாயிற்று. அமிலமும் காரமும் சேர்வதும் வெப்பத்தை வெளிவிடும் வெப்பம் உமிழ்வினைதான்!

வெற்றிலைக் கடைச் சுண்ணாம்புப் பொட்டலம் முன்பே நீறியது, சுடாது. அதனாலேயே குழந்தை கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிதுக்கினால் நேரே கண்ணுக்குள் பீய்ச்சும். சூடு ஆறினாலும் காரம் ஆறாது. அது கருவிழியின் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். அதற்கும் அதே குழாயடி, அதே 30 நிமிடம்.