பிராக்டிஸ் நாளில் மட்டும் வரும் வலி

ஃபுட்பால் ஆடும் பையனுக்கு உடம்பில் எங்கெங்கே அடிபடும் என்பது பிசியோதெரபிஸ்ட்டுக்கு மனப்பாடம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு, கணுக்கால், தொடையின் வெளிப்பக்கம், கோல்கீப்பர் என்றால் இடுப்பும் முழங்கையும். கையின் உட்பக்கத்தில் கிள்ளிய தடமோ, முதுகில் பல இடத்தில் கன்றலோ இருந்தால், டீமில் யாராவது இவனைச் சீண்டுகிறார்களோ, அடிக்கிறார்களோ என்று நான் கொஞ்சம் நிதானிப்பேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் சிலர் இப்படித் தடத்தோடு வருகிறார்கள். தடமே இல்லாமல், வெறும் வலியோடு வருகிறவர்கள் அவர்களைவிட அதிகம்.

அந்த வலிக்கு ஒரு டைம்டேபிள் இருக்கும். பிராக்டிஸ் இருக்கும் நாளில் காலையிலேயே வயிறு வலிக்கும், முட்டி வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ஒன்றும் இருக்காது. "நடிக்கிறான் டாக்டர், நீங்களே கேளுங்க" என்பார் அம்மா. (நான் டாக்டர் இல்லை, பிசியோ. எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.) பயத்தில் வரும் வயிற்றுவலி நிஜமாகவே வலிக்கும். அதனால் "நடிக்கிறியா"வை விட்டுவிட்டு, "கிரவுண்டுல யார் பக்கத்துல உட்காருவ? தண்ணி பாட்டில் யாரோட ஷேர் பண்ணுவ?" என்று கேட்டுப் பாருங்கள். "யார்கூடயும் இல்ல" என்று வந்தால் அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.

இன்னொரு வகை, வலி அசலாகவே இருக்கும், யாரும் நம்ப மாட்டார்கள். 10 முதல் 15 வயதுக்குள் மளமளவென்று உயரும் பிள்ளைகளுக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது உண்டு, ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். ஓட்டத்தையும் குதிப்பதையும் கொஞ்ச காலம் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் ஓரமாக உட்கார்ந்த முதல் நாளே "டிராமா"வென்று பட்டப்பேர் விழுந்துவிட்டால், அந்தப் பையன் பேருக்குப் பயந்தே வலியோடு ஓடுவான். கோச்சே அந்தப் பட்டப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் முடிந்தது கதை, மொத்த டீமுக்கும் லைசென்ஸ் கிடைத்த மாதிரி.

நம் ஏரியாவின் நிலைமையையும் சொல்ல வேண்டும். ஃபுட்பால், பாக்ஸிங், கேரம் மூன்றும் வடசென்னையின் பெருமை. பல கிளப்களில் காசே வாங்குவதில்லை. தெருவில் வளர்ந்த அண்ணன்தான் வேலை முடித்து வந்து, மாநகராட்சி கிரவுண்டில் கோச்சிங் கொடுக்கிறார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை கிடைத்துவிடாதா என்ற கனவும் இருக்கிறது. இதெல்லாம் நல்லதுதான், நான் கும்பிடுகிற விஷயம்தான். ஆனால் இதே காரணத்தால்தான் புகார் வாயிலேயே நின்றுவிடுகிறது. இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறவரிடம் போய் எப்படிக் குறை சொல்வது, சொன்னால் டீமில் எடுக்காமல் விட்டுவிட்டால், அடித்தவனின் அப்பா அடுத்த தெருவில் இருக்கிறாரே, என்று வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் இந்தச் சீண்டல் டிரெயினிங் என்ற பெயரில்தான் நடக்கும். புதிதாக வந்தவன் பந்துப் பையைத் தூக்குவது, கோன் பொறுக்குவது, சரி, எல்லோரும் முறை வைத்துச் செய்தால் அதில் தப்பில்லை. ஒரே பையன் மாதக்கணக்கில் செய்தால்? லேட்டாக வந்தால் கூடுதல் ரவுண்ட் என்பது எல்லோருக்கும் பொருந்துகிறதா, ஒருவனுக்கு மட்டுமா? மே மாத வெயிலில் தண்ணீர் கொடுக்காமல் ஓடவிடுவது எந்தக் கணக்கிலும் டிரெயினிங் ஆகாது. பாக்ஸிங்கில் இது இன்னும் மோசம்: வாய் பேசினான் என்று, இரண்டு எடைப் பிரிவு மேலே இருக்கிற சீனியரோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) போடவிட்டு "கத்துக்கட்டும்" என்பது. தலையில் வாங்கிய ஒரு அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளைக்கே ஆபத்து. பெற்ற அம்மா கிரவுண்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இதையே செய்வார்களா என்று யோசித்துப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

வயது மோசடி பற்றி யாரும் இந்தத் தலைப்பில் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். அண்டர் 14 டீமில் சர்டிபிகேட்டை மாற்றி 16, 17 வயதுப் பையனைச் சேர்த்தால், கப் வரலாம். அதே டீமில் மீசை முளைக்காத பன்னிரண்டு வயதுக்காரன் தினமும் அவனோடுதான் மோத வேண்டும், அவனோடுதான் உடை மாற்ற வேண்டும். உடம்பிலும் வயதிலும் அத்தனை வித்தியாசத்தை ஒரே இடத்தில் அடைத்துவிட்டு, "பசங்க அடிச்சுக்கிறாங்க" என்று ஆச்சரியப்படுவது நியாயமில்லை.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2016-இல் வெளியிட்ட அறிக்கை, விளையாட்டில் நடக்கும் மற்ற எல்லாக் கொடுமைகளுக்கும் மையத்தில் மனரீதியான கொடுமைதான் இருக்கிறது என்று சொல்கிறது. அப்படியானால் கலாய்ப்பு நிலையிலேயே பிடித்துவிடுவது நல்லது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. பெரும்பாலான சீண்டல் கோச் வருவதற்கு முன்னாலும், போன பிறகும், உடை மாற்றும் சுவரோரத்திலும்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தால் போதும். இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கடைசியில் நிற்பவன் தினமும் அவனேதான்; கோச்சே பிப் (டீமைப் பிரித்துக் காட்டும் கலர் மேல்சட்டை) கொடுத்துப் பிரித்துவிடலாம். நிறம், எடை, சாதி, வீட்டு நிலைமை பற்றிய பட்டப்பேர் கிரவுண்டில் கூடாது என்று முதல் நாளே சொல்லி, முதலில் மீறுகிறவன் ஸ்டார் பிளேயராக இருந்தாலும் அன்று வெளியே உட்கார வைக்க வேண்டும். இங்கேதான் பல கோச்கள் வழுக்கிவிடுகிறார்கள், ஞாயிறு மேட்ச் இருக்கிறதே!

நடந்துவிட்டது என்று தெரிந்தால், இருவரையும் எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கை கொடுக்கச் சொல்லாதீர்கள். அடி வாங்கியவனுக்கு அது இரண்டாவது அவமானம். தனித்தனியாகக் கேளுங்கள், பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளையும் கேளுங்கள், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். சீண்டியவனையும் உடனே துரத்திவிட வேண்டாம், அவன் வீட்டில் யார் அவனை அடிக்கிறார்கள் என்று கேட்டால் சில நேரம் பதில் வரும். அப்பாக்களுக்கு ஒன்று: மச்சான், சித்தப்பா என்று நாலு பேரைத் திரட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போகாதீர்கள். பிள்ளைகள் சண்டை ஏரியா சண்டையாக மாற அரை மணி நேரம் போதும், அப்புறம் உங்கள் பையன் அந்தப் பக்கமே போக முடியாது. "திருப்பி அடி"யும் வேண்டாம். அவனால் முடிந்திருந்தால் ஏற்கெனவே அடித்திருப்பான்.

அந்தரங்க இடத்தில் கை வைப்பது, உடையை உருவி வீடியோ எடுப்பது போன்றவற்றை விளையாட்டு என்று கிளப்புக்குள் பஞ்சாயத்து பேசி முடிக்க முடியாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012) 18 வயதுக்குக் கீழே உள்ள பையன்களுக்கும் பொருந்தும். அப்படியொரு குற்றம் தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் மறைப்பதும் அதே சட்டத்தில் குற்றம், கிளப் நடத்துகிறவர் மறைத்தால் தண்டனை இன்னும் கூடும். அந்த மாதிரி படம் உங்கள் போனுக்கு வந்தால் "ஆதாரம்" என்று பெற்றோர் குரூப்பில் ஃபார்வர்ட் செய்யாதீர்கள், அனுப்புவதே குற்றமாகிவிடும். போனை அப்படியே எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். யாரிடம் ஆரம்பிப்பது என்று தெரியவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், பிள்ளைகளே நேரடியாகவும் பேசலாம், இலவசம். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.

கிளப்பை மாற்றுவதா வேண்டாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, முதலில் பிள்ளையைக் கேளுங்கள் என்பேன். சிலருக்கு அந்த கிரவுண்டும் அந்த நண்பர்களும்தான் உலகம், தப்பே செய்யாமல் அதை விட்டுப்போவது அவர்களுக்குத் தண்டனை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புது கோச்சிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள், முதல் இரண்டு வாரம் சாதுவான ஒரு பையனோடு ஜோடி போட்டு வார்ம்அப் செய்யவிடச் சொல்லுங்கள்.