ஃபார்முலா: சூத்திரமா, வாய்பாடா, கட்டளையா?

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவு நேரக் கார் பந்தயம் நடந்தபோது, 'ஃபார்முலா 4' என்ற பெயர் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது. அதுவரை ஃபார்முலா என்றால் கணக்குப் புத்தகத்தில் வருவது, இல்லையென்றால் 'வெற்றி ஃபார்முலா' என்று சினிமாக்காரர்கள் சொல்வது. பந்தயக் காருக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன உறவு என்று பலருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அது காரின் பிராண்டு இல்லை, வேகத்தின் அளவும் இல்லை.

பந்தய உலகில் ஃபார்முலா என்பது ஒரு விதித்தொகுப்பு. என்ஜின் எத்தனை சிசி இருக்கலாம், கார் எத்தனை கிலோவுக்குக் குறையக் கூடாது, எந்த டயர், எந்த எரிபொருள், காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை வைக்கலாமா கூடாதா என்றெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்து, அதற்குள் அடங்கும் கார்களை மட்டும் களத்தில் இறக்குவார்கள். 1, 2, 3, 4 என்ற எண்கள் எந்த விதித்தொகுப்பு என்பதைக் குறிக்கின்றன.

சொல்லின் வேர் லத்தீன். ஃபார்மா என்றால் வடிவம், வார்ப்பு அச்சு. அதன் குறுமை வடிவம் ஃபார்முலா, அதாவது சிறிய அச்சு. ரோமானியச் சட்டத்தில் இதற்குத் தனி இடம் இருந்தது. ஒரு வழக்கை எந்த வரம்புக்குள் நின்று தீர்க்க வேண்டும் என்று பிரேட்டர் என்ற அதிகாரி நடுவருக்கு எழுதித் தரும் வாசகத்தை ஃபார்முலா என்றார்கள். கணிதம், வேதியியல், மருந்துக் கலவை எல்லாம் பின்னால் சேர்ந்தவை. பந்தயக்காரர்கள் கையில் இந்தச் சொல்லுக்கு வாய்த்த பொருள், அந்த ரோமானிய வழக்குமன்றப் பொருளுக்கு மிக நெருக்கமானது. இதற்குள் நின்று மோதிக்கொள்ளுங்கள் என்பதுதான் அது.

கார் பந்தயத்தில் வரம்பு கட்டும் வழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1906இல் பிரான்சில் லெ மான் நகருக்கு அருகே நடந்த 'கிராண்ட் பிரீ' என்ற பெரும் பந்தயத்தின் முதல் பதிப்பில் காரின் எடை 1,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்று விதி. அடுத்த ஆண்டு அதை விட்டுவிட்டு, 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் எரிபொருள்தான் என்று வைத்தார்கள். 1934இல் வந்த 750 கிலோ விதிக்கு வேகத்தைக் குறைப்பது நோக்கம். எடை குறைந்தால் என்ஜினும் சிறுத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். ஜெர்மன் நிறுவனங்களான மெர்சிடிஸ் பென்ஸும் ஆட்டோ யூனியனும் மெல்லிய உலோகத்தில் உடலைக் கட்டி, மிச்சம் பிடித்த எடையில் பெரிய என்ஜினைப் பொருத்திக்கொண்டன. வேகம் குறையவில்லை, ஏறியது. 1938இல் எடை வரம்போடு நிறுத்தாமல் என்ஜின் கொள்ளளவுக்கே வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. விதியை எழுதுகிறவருக்கும் அதற்குள் வழி தேடுகிற பொறியாளருக்கும் நடக்கும் இந்தப் போட்டி அன்றிலிருந்து ஓயவே இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் புதிய விதிகளை வகுத்தபோது எண் சூட்டும் வழக்கம் நிலைத்தது. கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் சூப்பர்சார்ஜர் உள்ள என்ஜின் என்றால் 1.5 லிட்டர், இல்லாதது என்றால் 4.5 லிட்டர் என்ற விதிக்கு ஃபார்முலா 1 என்று பெயர். அதற்குக் கீழே ஃபார்முலா 2. 1950இல் 500 சிசி என்ஜின் கார்களுக்கு ஃபார்முலா 3 என்ற தகுதி கிடைத்தது. எந்த வரம்பும் இல்லாமல், கொண்டுவந்த காரை எல்லாம் ஓட்டலாம் என்று நடத்தும் பந்தயத்துக்கு 'ஃபார்முலா லிப்ரே' என்று பெயர். லிப்ரே என்றால் கட்டற்றது. எதிர்ச்சொல்லை வைத்துப் பார்க்கும்போது மூலச்சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகிறது.

இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இனி வரும் பகுதி. ஃபார்முலா என்றதும் கோடிக்கணக்கில் பணம் புழங்கும் உலகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கையில் காசு குறைவாக இருந்த ஆர்வலர்களைக் களத்தில் இறக்கியதும் இதே ஃபார்முலாதான். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர ஆர்வலர்கள் சிலர், மோட்டார் சைக்கிளின் 500 சிசி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கைக் கார் கட்டலாம் என்று ஒரு வரம்பை வகுத்துக்கொண்டார்கள். அந்த வரம்புக்கு ஏற்ப லண்டனை அடுத்த சர்பிட்டனில் சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் ஃபியட் டோபோலினோ காரின் முன்பகுதிகளை எடுத்து, ஜேஏபி மோட்டார் சைக்கிள் என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு கார் செய்தார்கள். பின்னாளில் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர் ஸ்டெர்லிங் மாஸ் 1948இல் தொடங்கியது ஒரு கூப்பர் 500இல். ஆர்வலர்களின் அந்த விதிதான் 1950இல் ஃபார்முலா 3 ஆனது.

அமெரிக்காவில் இதே எண்ணம் ஃபார்முலா வீ ஆயிற்று. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 1,200 சிசி என்ஜின், கியர்பாக்ஸ், முன் அச்சு ஆகியவற்றைக் கொண்டே காரைக் கட்ட வேண்டும் என்பது விதி. 1963இல் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இதைத் தனிப் பிரிவாக ஏற்றது. அன்று பழைய பீட்டில் கிடைக்காத ஊர் இல்லை, உடைந்தால் மாற்று உதிரிபாகம் பக்கத்துக் கடையிலேயே இருந்தது. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு சனி, ஞாயிறில் காரை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தயம் ஓட்டுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? பின்னாளில் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன்களான நிக்கி லாடாவும் கெக்கே ராஸ்பெர்க்கும் ஃபார்முலா வீ ஓட்டிப் பழகியவர்கள்தான்.

1967 ஜூலை 2 அன்று இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் முதல் ஃபார்முலா ஃபோர்டு பந்தயம் நடந்தது. ஃபோர்டு கார்ட்டினாவின் சாதாரண என்ஜின், சாலையில் ஓட்டும் டயர், காரின் விலை 1,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, இறக்கை கிடையாது. இறக்கை இல்லாததால் ஒரு நன்மை. இறக்கையை நம்பி ஓடும் கார், முன்னே போகும் காரின் கலங்கிய காற்றில் சிக்கினால் வளைவில் பிடிமானத்தை இழக்கும். ஃபார்முலா ஃபோர்டு காருக்கு அந்தத் தொல்லை பெரிதாக இல்லை. நேர்ப்பாதையில் முன்காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு, காற்றுத்தடை குறைவதைப் பயன்படுத்தி, வளைவு வரும்போது வெளியே வந்து முந்தலாம். கார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் யார் எங்கே பிரேக் பிடிக்கிறார், யார் பொறுமையாக இருக்கிறார் என்பதில்தான் பந்தயம் முடிவாகும்.

நம் பக்கத்தில் இதைப் புரிந்துகொண்டவர் கோவை எஸ். கரிவர்தன். மாருதி 800இன் மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜினை வைத்து அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி, இந்திய இளைஞர்களுக்கு எட்டும் விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்துவந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005இல் ஃபார்முலா 1இல் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயின் பெயரில் இருக்கும் 'கரி' அவர்தான். யானையைக் குறிக்கும் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சூத்திரம் இங்கே பொருந்தாது. அது கணக்கின் வழியையோ, சுருங்கச் சொன்ன இலக்கண விதியையோ நினைவூட்டும். வாய்பாடு இன்னும் கொஞ்சம் நெருங்கி வருகிறது. தேமா, புளிமா என்ற யாப்பு வாய்பாடுகள் சீரின் அச்சுகளே. ஆனால் பள்ளியில் பெருக்கல் வாய்பாடு ஒப்பித்த தலைமுறைக்கு அந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது. வேதியியல் பாடநூலும் அதை எடுத்துக்கொண்டது.

என் தேர்வு கட்டளை. இன்று ஆணை என்ற பொருள்தான் முன்னால் நிற்கிறது என்றாலும், பழைய அகராதிகளைப் புரட்டினால் அளவு, விதி, செங்கல் அறுக்கும் அச்சு என்ற பொருள்களும் இருக்கின்றன. லத்தீன் சொல்லும் அச்சிலிருந்துதான் விதிக்கு வந்தது. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையின் பெயரிலும் இதே பொருள். ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. அதற்குள் எந்தப் புலவரும் எதைப் பற்றியும் பாடலாம், ஆனால் எண்ணிக்கை தவறினால் அது கட்டளைக் கலித்துறை ஆகாது. பந்தயம் முடிந்ததும் காரை எடைமேடையில் ஏற்றிப் பார்த்து, குறைந்தபட்ச எடைக்கு ஒரு கிலோ குறைந்தாலும் முதலிடத்தைப் பறிப்பதும் இதே கண்டிப்புதான். திருக்குறளில் 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்று வருவதும் மதிப்பிடும் அளவுகோலைத்தான் சொல்கிறது.

எனவே பொதுச்சொல்லாக வரும்போது ஃபார்முலா பந்தயத்தைக் கட்டளைப் பந்தயம் என்றும், ஃபார்முலா லிப்ரேயைக் கட்டளையிலாப் பந்தயம் என்றும் எழுதலாம். ஃபார்முலா 4, ஃபார்முலா ஃபோர்டு போன்றவை பெயர்கள், அவற்றை மாற்ற வேண்டாம். புழக்கத்தில் வரும்வரை 'விதிக்கட்டளை' என்று விரித்துச் சொன்னால் ஆணை என்ற குழப்பம் வராது.

கூடவே வரும் ஓப்பன் வீல் என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். 'திறந்த சக்கரம்' என்று எழுதுகிறார்கள், சக்கரத்தைத் திறப்பதும் மூடுவதும் கதவு போல ஆகிவிடுகிறது. மட்கார்டு இல்லாமல், உடலுக்கு வெளியே தெரியும் சக்கரம் என்பதே பொருள். வெளிச்சக்கரக் கார் என்றால் போதும். ஓட்டுகிறவருக்கு இது வெறும் தோற்றம் இல்லை. மூடிய உடலுள்ள கார்கள் பக்கவாட்டில் உரசினால் தகரம் நசுங்கும். வெளிச்சக்கரக் கார்களிலோ பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் பட்டால், அந்தச் சுழற்சியே காரை மேலே தூக்கி எறிந்துவிடும். அதனால்தான் இந்தப் பிரிவில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு, பக்கத்தில் வருகிறவருக்கு ஒரு கார் அகலத்துக்கு இடம் விடப் பழக்குகிறார்கள்.