கேமரா வாங்கும் முன் காலண்டரை எடுங்கள்

போன மாதம் ஒரு பையன் ஸ்டுடியோவுக்கு வந்தான். வேலூர் சத்துவாச்சாரிக்காரன். இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருடமாக ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். "அண்ணா, வேலையை விட்டுட்டு முழுநேரமா ஃபோட்டோகிராபிக்கு வந்துடலாம்னு இருக்கேன்" என்றான். போனில் சில படங்களைக் காட்டினான். நன்றாகவே எடுத்திருந்தான். விடியற்காலையில் கோட்டை அகழித் தண்ணீரில் மதில் நிழல் விழுந்திருந்த படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேமராவும் இரண்டு லென்சும் மாதத் தவணையில் எடுக்கப் போவதாகச் சொன்னான்.

சுவரில் இருந்த மாதக் காலண்டரைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். "முதல்ல இதுல முகூர்த்த நாளை எண்ணு தம்பி."

இருபது வருடத்துக்கும் மேலாக காட்பாடி ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எண்ணி எடுத்த காலத்தில் உதவியாளாகச் சேர்ந்தவன். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது காலண்டர் கணக்குதான். பார்க்கிறவர்கள் நாம் படத்தை விற்கிறோம் என்று நினைக்கிறார்கள். கல்யாண ஃபோட்டோகிராபர் விற்பது தேதியை. ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியில் பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை. மற்ற மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்துக்குத்தான் மண்டபத்தை முதலில் பிடிப்பார்கள். தையிலோ ஆவணியிலோ ஒரு நல்ல முகூர்த்தம் வந்தால், வேலூரிலிருந்து ஆம்பூர் வரை எல்லா மண்டப வாசலிலும் வாழைமரம் கட்டியிருக்கும். அன்றைக்கு ஐந்து பேர் கூப்பிடுவார்கள், ஒருவர் வீட்டுக்குத்தான் போக முடியும். அடுத்த பத்து நாள் போன் அடிக்காது. ஆனால் கடை வாடகையும் தவணையும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து நிக்காஹ், காட்பாடி பக்கத்துச் சர்ச் கல்யாணம் எல்லாம் இந்தப் பஞ்சாங்கத்துக்குள் வராது. ரம்ஜான் நோன்பு, தவக்காலம் என்று அவர்களுக்குத் தனி நாட்கணக்கு. மூன்று வகை வீடுகளிலும் பழக்கம் வைத்துக்கொண்டால் காலியான நாட்கள் கொஞ்சம் நிரம்பும். நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கம் எடுக்கப் பெண் ஃபோட்டோகிராபர்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த வட்டாரத்தில் ஆள் போதவில்லை. கேமரா பிடிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் தைரியமாக வரலாம், வேலை இருக்கிறது.

அடுத்து ஒரு ஆர்டரின் கணக்கைப் பார்ப்போம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், 60,000 ரூபாய்க்குப் பேசி முடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நானும் எடுக்கிறேன், கேண்டிட், அதாவது போஸ் கொடுக்காத இயல்பான படங்கள், எடுக்க வெளியாள் ஒருவர். அவருக்கு இரண்டு நாளைக்கு 10,000. வீடியோகிராபருக்கு 8,000. லைட் பிடிக்கும் பையனுக்கு 2,000. 12-க்கு 36 சைஸில் நாற்பது ஷீட் ஆல்பம் லேபில் போட 11,000. டிசைன் 4,000, வீடியோ எடிட்டிங் 7,000. வண்டி, சாப்பாடு 2,500. பென்டிரைவ், ஹார்டு டிஸ்க் பங்கு 1,500. கூட்டினால் 46,000. எனக்கு மிச்சம் 14,000. இது நான் பார்த்த இரண்டு நாள் வேலைக்கு மட்டும் கிடைத்த கூலி இல்லை. அதற்குப் பிறகு படங்களைப் பிரித்து, கலர் சரிசெய்து, ஆல்பம் கைக்கு வரும் வரை அந்த வீட்டாரோடு போனில் பேசிய எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

அந்த 14,000-லும் கேமராவுக்குத் தேய்மானம் எடுத்து வைக்க வேண்டும். கேனான் 5டி மார்க் 4-ன் ஷட்டருக்குக் கம்பெனி சொல்லும் ஆயுள் 1.5 லட்சம் கிளிக். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் கிளிக் என்றால் முப்பத்தேழு கல்யாணம். அதற்கு மேலும் ஓடலாம், ஓடும் என்று நம்பி முகூர்த்தத்தில் நிற்க முடியாது. ஒவ்வொரு ஆர்டரிலும் இதற்கென்று ஒரு தொகையைத் தனி அக்கவுன்டில் போடாதவர்கள், மூன்றாம் வருடம் வட்டிக்கு வாங்குகிறார்கள். நல்ல கலைஞர்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் கேமராவை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பணம் வாங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. தேதியைக் குறிக்கும்போதே அட்வான்ஸ். முகூர்த்தம் முடிந்து மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் இரண்டாவது தவணை. மொய்ப்பணம் கையில் இருக்கும் நேரம் அது, கொடுக்கிறவர்களுக்கும் பாரம் தெரியாது. "நாளைக்கு வீட்டுக்கு வாங்க" என்று சொன்ன பிறகு கல்யாணக் கடன்களின் வரிசையில் நாம் கடைசி. ஆல்பம் கொடுக்கும்போது மீதி. இதில்தான் பலருக்கும் சிக்கல். படங்களைத் தேர்வு செய்து கொடுக்கச் சொன்னால் மாப்பிள்ளை வீடு ஒரு பட்டியல், பெண் வீடு ஒரு பட்டியல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு வீட்டுக்கு ஆல்பம் கொண்டுபோனபோது பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் முடிந்திருந்தது. இப்போது என் ரசீதிலேயே எழுதிவிடுகிறேன்: 45 நாளுக்குள் தேர்வு வராவிட்டால் படங்களை நானே தேர்ந்தெடுத்து லேபுக்கு அனுப்புவேன். இதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

எழுத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் எடுத்த படம், ஆகவே எனக்குத்தான் சொந்தம் என்று நம் ஆட்கள் பலரும் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். கல்யாணப் பெண்ணின் படத்தைக் கடை போர்டில் பெரிதாகப் போடுவதும் இன்ஸ்டாகிராமில் ஏற்றுவதும் அவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு வீட்டுப் பெண்ணின் முகம், அவளைக் கேட்காமல் எடுத்துப் போட நமக்கு என்ன உரிமை?

இனி, நான் செய்த தவறு ஒன்று. பல வருடம் முன்பு குடியாத்தம் பக்கம் ஒரு கல்யாணம். அதற்கு முந்தைய இரவும் வேறு ஊரில் வரவேற்பு, இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. அப்போது என் கேமராவில் ஒரே ஒரு மெமரி கார்டுதான் போட முடியும். முகூர்த்தம் முடிந்ததும் நிறைந்த கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். அதே பையில் காலி கார்டும் இருந்தது. மதியம் ஜோடியைத் தென்னந்தோப்பில் நிறுத்தி எடுக்கப் போனபோது, பையில் கைவிட்டு வந்ததை எடுத்து, ஃபார்மட் செய்து, இருநூறு படம் எடுத்துவிட்டேன். ராத்திரி கம்ப்யூட்டரில் கார்டைப் போட்டபோதுதான் தெரிந்தது, நான் ஃபார்மட் செய்தது முகூர்த்தக் கார்டை. அந்த நிமிடத்தில் கை உறைந்துபோனது இன்னும் நினைவில் இருக்கிறது.

ஃபார்மட் செய்தால் கார்டின் அட்டவணைதான் அழியும், படங்கள் உள்ளேயே கிடக்கும். அதன்மேல் புதிதாக எழுதினால்தான் போகும். உடனே நிறுத்தியிருந்தால் மென்பொருள் வைத்து எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். நான் இருநூறு படம் மேலே எழுதிவிட்டேன். பிற்பகுதி கிடைத்தது. தாலி கட்டிய படங்கள் கார்டின் தொடக்கத்தில் இருந்தவை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. வீடியோவிலிருந்து இரண்டு ஃபிரேம் எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். பெண்ணின் அப்பா ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "எங்க மாமியார் அட்சதை போட்டாங்களே, அதுவும் இல்லையாப்பா?" என்று கேட்டார். வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். அதனால் அந்தக் கேள்வி தீர்ந்துவிடவில்லை.

அன்றிலிருந்து கார்டுகள் சட்டைப் பையில் போவதில்லை. ஒரு சின்னப் பெட்டி, காலி கார்டு முகம் மேலே, நிறைந்தது முகம் கீழே. மண்டபத்தில் எந்தக் கார்டையும் ஃபார்மட் செய்வதில்லை, காலியாக்குவதெல்லாம் முந்தின நாள் கடையில்தான். இரண்டு கார்டு போடும் கேமரா இல்லாமல் முகூர்த்தத்துக்கு நிற்பதில்லை, இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி வைத்துவிடுவேன். அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்று கடையில், ஒன்று வீட்டில். தொடர்ந்து இரண்டு ராத்திரி விழிக்கும்படி ஆர்டர் எடுப்பதையும் நிறுத்தினேன். புதிதாக வருகிறவர்கள் உடம்பு தாங்குகிறது என்று எல்லாத் தேதியையும் பிடிப்பார்கள். கழுத்தில் இரண்டு கேமரா தொங்க பத்து மணி நேரம் நிற்பது முப்பது வயதில் தெரியாது. நாற்பதில் முதுகு சொல்லும்.

சரி, ஆடியிலும் மார்கழியிலும் என்ன செய்வது? முன்பு பாஸ்போர்ட் சைஸ் படம் கடை வாடகையைத் தாங்கியது. இப்போது பாஸ்போர்ட் சேவை மையத்திலும் ஆதார் மையத்திலும் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள், அந்த வரும்படி இளைத்துவிட்டது. நம் வட்டாரத்தில் அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளுக்கு ஷூ, பெல்ட், பை படங்கள் எப்போதும் வேண்டும். ஆரணிப் பட்டு நெய்கிறவர்கள் ஆன்லைனில் விற்கச் சேலைப் படம் கேட்கிறார்கள். இந்த வேலைக்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் கல்யாணக் கைப்பழக்கம் இங்கே உதவாது. முதல் முறை பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவை மேசையில் வைத்து எடுத்தபோது, அதன் மூக்கில் என் வெள்ளைச் சட்டையும் ஜன்னல் கம்பியும் தெரிந்தன. பளபளக்கும் தோல் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதை எல்லாம் காட்டும். ஜன்னலுக்கு டிரேசிங் பேப்பர் ஒட்டி, இரண்டு பக்கமும் தெர்மாகோல் நிறுத்தி, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்த பிறகுதான் தையல் தையலாகத் தெரிந்தது. ஒரு ஜோடிக்கு அரை நாள் ஆனது. இப்போது ஒரு நாளில் இருபது ஜோடி எடுக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கடை ஓடுவது இதனால்தான்.

அனுமதி விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. டிரைபாட், லைட் எல்லாம் வைத்து ஜோடிப் படம் எடுப்பதென்றால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவே கூடாது. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள டிரோனைக் கூலிக்குப் பறக்கவிட 2021 விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம், அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்தப் பையன் ஒரு வாரம் கழித்து ஒரு நோட்டோடு வந்தான். முகூர்த்த நாட்களை எண்ணி, தவணையைப் பக்கத்தில் எழுதி, முதல் வருடத்துக்கு எத்தனை ஆர்டர் கிடைத்தால் தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தான். வேலையை இப்போது விடவில்லை, லீவு போட்டு வருகிறேன் என்றான். வரும் ஆவணியில் மூன்று கல்யாணத்துக்கு என்னோடு வருகிறான். கார்டுப் பெட்டி அவன் பொறுப்பு.