பள்ளம் தோண்டி மேடு வாங்கிய ஊர்

கேப் கோரல் நகரத்தின் வான்படத்தைப் பார்த்த வாசகர் ஒருவரின் கேள்வி: “வெனிஸைவிடக் கால்வாய் அதிகம் என்கிறார்களே, வெறும் படகு விடுவதற்கா இத்தனையும் வெட்டினார்கள்?” படகு என்பது மனை விற்றவர்கள் சொன்ன காரணம். வெட்டியது மண்ணுக்காக. மண் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்றது, அதற்குக் கால்வாய் என்று பெயர் வைத்து விலையும் கூட்டினார்கள். ஆனால் அந்தப் பள்ளங்கள்தான் இன்று ஊரின் ஏரி, வடிகால், தலைவலி எல்லாமே.

ஊர் இருப்பது ஃபுளோரிடாவின் தென்மேற்குக் கரையில், கலூசஹாட்சி ஆறு கடலைச் சேரும் முகத்தில். 1957இல் பால்டிமோரைச் சேர்ந்த ரோசன் சகோதரர்கள் இங்கே நிலம் வாங்கி, கட்டம் கட்டமாகப் பிரித்து, தவணை முறையில் நாடெங்கும் விற்றார்கள். இலவச விருந்து, இலவச விமானப் பயணம் எல்லாம் உண்டு. ஏமாற்று விற்பனை என்று 1967இல் அரசிடம் மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. 1970இல் நகராட்சி ஆனது. மக்கள்தொகை 1980இல் 32,103, 2000இல் 102,286, 2020இல் 194,016. மனை 40 அடிக்கு 125 அடி. இரண்டைச் சேர்த்தால் ஒரு வீட்டிடம், அதாவது 10,000 சதுர அடி. பூங்காவுக்கும் கடைத்தெருவுக்கும் ஒதுக்காமல் ஏறக்குறைய எல்லாவற்றையும் மனையாக்கி விற்றுவிட்டார்கள். குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பகுதிக்குப் போடவே இல்லை. இந்த இரண்டு பிழைகளுக்கும் இன்றுவரை ஊர் வட்டி கட்டுகிறது.

மண் கணக்கைப் பார்ப்போம். தரை கடல்மட்டத்தை ஒட்டிய சதுப்பு. மழைக்காலத்தில் முழங்கால் நீர். வீடு கட்ட மேடு வேண்டும், வெளியிலிருந்து மண் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. அதனால் வீட்டுக்குப் பின்னாலேயே தோண்டுகிறார்கள். கால்வாய் 24 மீட்டர் அகலம், நடுவில் 3 மீட்டர் ஆழம், கரை சரிவு என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 55 கன மீட்டர் மண் கிடைக்கும். அது இருபுறமும் ஒவ்வொரு மனைக்கும் (தெருவிலிருந்து கால்வாய்வரை 38 மீட்டர்), பாதிச் சாலைக்கும் (9 மீட்டர்) போக வேண்டும். மொத்தம் 94 மீட்டர் அகலம். 55ஐ 94ஆல் வகுத்தால் மேடு 58 சென்டிமீட்டர், இரண்டடிகூட இல்லை. ஒரு மீட்டர் மேடு வேண்டுமென்றால் கால்வாயை இன்னும் அகலமாகவோ ஆழமாகவோ வெட்டியாக வேண்டும். அகலப்படுத்தினால் விற்கும் மனை குறையும். ஆழப்படுத்தினால் பணம் மிஞ்சும். எது நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பொறியியல் தேவையில்லை.

கிடைத்த மண்ணை அப்படியே கொட்டினாலும் ஆகாது. அலையாத்தி வேர் மக்கிய கரும் சேற்றை முதலில் வழித்தெடுக்க வேண்டும். விட்டால் சில ஆண்டுகளில் அது சுருங்கித் தரைத்தளம் பிளக்கும். மணலை ஓரடி ஓரடியாகப் பரப்பி, ஈரம் பார்த்து உருளை ஓட்டி, ஆய்வகத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வரும்வரை இறுக்குவது வழக்கம். இரண்டடியை ஒரே வீச்சில் கொட்டி மேலே மட்டும் உருட்டினால், மேல் தோல் கெட்டியாகி அடியில் பொதபொதப்பு நிற்கும்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். கால்வாய்கள் மொத்தம் 640 கிலோமீட்டருக்கு மேல். அதில் சுமார் முக்கால் பங்கு நல்ல தண்ணீர், மீதி கடலோடு சேர்ந்த உப்புத் தண்ணீர். இரண்டையும் பிரிப்பது நம் ஏரிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கட்டுமானம்: கலிங்கு. குறிப்பிட்ட உயரம்வரை நீரைத் தேக்கி, அதற்கு மேல் வந்தால் வழியவிடும் குறுக்குச் சுவர். வடக்கிலிருந்து கேட்டர் ஸ்லூ என்ற கால்வாய் வழியாக வரும் மழைநீர், கலிங்குக்குக் கலிங்கு படிப்படியாக மட்டம் இறங்கிக் கடலை நோக்கிப் போகிறது.

கலிங்கின் வேலை தேக்குவது மட்டும் என்று நினைத்தால் பாதிதான் புரிந்திருக்கிறது. அதைவிட அழகான வேலை ஒன்று தரைக்கடியில் நடக்கிறது. கடலோர மணலில் நல்ல தண்ணீரும் கடல் நீரும் எதிரெதிரே நிற்கின்றன. கடல் நீரின் அடர்த்தி 1.025, நல்ல தண்ணீர் 1.000. பள்ளி ஆய்வகத்து யு வடிவக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் 40 மீட்டர் கடல் நீர்: 40 × 1.025 = 41. அதைத் தாங்கிப் பிடிக்க மறு கையில் எத்தனை மீட்டர் நல்ல தண்ணீர் வேண்டும்? சரியாக 41. வித்தியாசம் ஒரே ஒரு மீட்டர். அதாவது கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம்வரை உப்பு அண்டாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு ராணுவப் பொறியாளர் கைபென் இதைக் கண்டார். 1901இல் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க் தனியாகக் கண்டார். சமன்பாட்டில் இருவர் பெயரும் நிற்கிறது.

இதைத் திருப்பிப் படியுங்கள், அங்கேதான் பயம். கால்வாய் மட்டம் ஒரு சாண், சுமார் 23 சென்டிமீட்டர், இறங்கினால் உப்பு எல்லை 9 மீட்டர் மேலேறப் பார்க்கும். மேலே ஒரு சாண் வறட்சி, கீழே மூன்று மாடி உயர உப்பு. ஊர் தரையடியில் மணல், சுண்ணாம்புக்கல், களிமண் என்று அடுக்குகள் மாறி மாறி இருப்பதால் உப்பு இந்தக் கணக்குப்படி துல்லியமாகவோ உடனடியாகவோ ஏறாது. களிமண் தடுக்கும், ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் ஏறிய உப்பைக் கழுவி இறக்க அதைவிடப் பல மடங்கு ஆண்டுகள் பிடிக்கும். கடலருகே வெட்டிய கால்வாய்க்குக் கலிங்கு இல்லாவிட்டால் அது நிலத்துக்குள் கடலை அழைத்துவரும் பாதை. கலிங்கு வைத்தால் அதே பள்ளம் கடலைத் தள்ளி நிறுத்தும் சுவர். ஒரு சிமென்ட் தடுப்பின் உச்சி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

சேமிப்பும் லேசான கணக்கல்ல. நல்ல தண்ணீர்க் கால்வாய் 480 கிலோமீட்டர், சராசரி அகலம் 30 மீட்டர் என்று வைத்தால், கலிங்கின் மேலே செருகும் பலகையை ஓரடி உயர்த்துவது ஏறக்குறைய 430 கோடி லிட்டர். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானால், ஒரு மாதத்தில் 12 சென்டிமீட்டர் வானத்துக்குப் போய்விடும். மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர்வரை. பலகையை எப்போது ஏற்றுவது என்பது சூதாட்டம். செப்டம்பரிலேயே ஏற்றினால், புயல்மழை வந்து தெரு மூழ்கும். மில்டன் புயல் 2024இல் ஃபுளோரிடாவில் கரையேறியது அக்டோபர் 9ஆம் தேதி. நவம்பர்வரை காத்திருந்தால் தேக்குவதற்குத் தண்ணீரே இருக்காது.

இந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. வீடுகளுக்கு இரண்டு குழாய்: ஒன்று குடிநீர், மற்றொன்று புல்தரைக்கு. இரண்டாவது குழாயில் சுத்திகரித்த கழிவுநீர் வரும். பற்றாக்குறைக்கு நல்ல தண்ணீர்க் கால்வாயிலிருந்து எக்கி, வடிகட்டிச் சேர்ப்பார்கள். 1992 முதல் நடக்கிறது. புல்லுக்குத் தண்ணீர் விட வாரத்தில் குறிப்பிட்ட நாள் மட்டும், வீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து முறை. குடிநீரைப் புல்லில் ஊற்றும் பெருநகரங்கள் வெட்கப்பட வேண்டிய ஏற்பாடு. கவனிக்க வேண்டியது ஒன்றே: இரண்டு குழாயும் எங்கும் ஒன்றோடொன்று சேரக்கூடாது. நிறத்தை வைத்துப் பிரிப்பதும் பின்னோட்டத் தடுப்பு வால்வு பொருத்துவதும் அதற்காகத்தான்.

குடிநீர் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து, ஆர்.ஓ. முறையில்: நீரை விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வு வழியே அழுத்தித் தள்ளுவது. 1977இல் தொடங்கியது. நிலத்தடி நீர் உவர்ப்புதான், ஆனால் கடல் நீர் அல்ல. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு என்றால் சவ்வில் அந்த உப்பு எதிர்த்துத் தள்ளும் அழுத்தம் ஒன்றரை பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கடல் நீர் 35,000 மில்லிகிராம். அதன் எதிர்ப்பு 27 பார் அளவு. அதனால் கடல் நீர் ஆலை 60 பார் வரை அழுத்த வேண்டிய இடத்தில், உவர்நீர் ஆலை பத்துப் பதினைந்து பாரில் வேலையை முடிக்கும். மின்சாரம் அந்த அளவுக்கு மிச்சம். முதலில் 5 மைக்ரான் வடிகட்டியும், சவ்வில் சுண்ணாம்புப் படிவு ஏறாமலிருக்கச் சிறிது மருந்தும், பிறகு சவ்வு. வெளியே வரும் நீரில் அழுகிய முட்டை வாடை (ஹைட்ரஜன் சல்பைடு) இருப்பதால், காற்றூதும் கோபுரத்தில் விட்டு அதை விரட்டி, காரம் சேர்த்துச் சரிசெய்வார்கள். நூறு லிட்டரில் 75 எடுத்தால் மீதி 25இல் உப்பு நான்கு மடங்கு. பேராசைப்பட்டு 90 எடுத்தால் பத்து மடங்காகி, சவ்வின் கடைசிக் குழாயிலேயே படிவு கட்டும்.

குழாய் எட்டாத வடகிழக்குப் பகுதியில் ஆளுக்கொரு போர்வெல், நடு ஹாதார்ன் என்ற இடை அடுக்கிலிருந்து. மேலும் கீழும் களிமண் போர்த்தியிருப்பதால் மழைநீர் அதற்குள் எளிதில் இறங்காது. வீடுகள் பெருகப் பெருக மட்டம் இறங்கி, 2023 வறட்சியில் கிணறுகள் வற்றின. புல்லுக்கு விடுவதைக் கட்டுப்படுத்த அவசர ஆணை வந்தது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களுக்கு இப்படிப்பட்ட அடுக்கு ஒரு வரம். ஊர் முழுக்கப் பரவியிருப்பதால் எங்கே துளையிட்டாலும் தண்ணீர் வரும், தேங்காய் ஜெயிக்கும். எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத் தேங்காய் சொல்லாது. மட்டமானி பொருத்திய கண்காணிப்புக் கிணறு சொல்லும். கண்காணிப்புக் கிணறு மலிவானது, பத்தாண்டு அளவெடுத்தால்தான் பேசும், திறப்புவிழாவுக்கு ரிப்பன் கட்ட இடமில்லாதது. நிதி கேட்கும்போது அது எப்போதும் கடைசி வரிசையில் நிற்பதற்கு வேறு காரணம் தெரியவில்லை.

கால்வாய்க் கரையின் தடுப்புச் சுவரும் ஒரு பாடம். கான்கிரீட் பலகைகளை நட்டு, தலைப்பை நிலத்துக்குள் புதைத்த நங்கூரத்தோடு கம்பியால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். புயல் அலை மோதித்தான் அது விழும் என்று தோன்றும். 2017இல் இர்மா புயலின் காற்று கரையிலிருந்து நீரைக் கடலுக்குத் தள்ளியது. கால்வாய்கள் வடிந்தன, சுவர்கள் கால்வாய்ப் பக்கமாகச் சாய்ந்தன. வழக்கமாக முன்பக்க நீர் பின்பக்க மண்ணைத் தாங்குகிறது. முன்பக்கம் சட்டென வடிந்தால், மழையில் ஊறிய பின்பக்கத்து நீர் அதே வேகத்தில் இறங்காது. மட்ட வித்தியாசம் 2 மீட்டர் என்றால் நீர் மட்டும் தரும் தள்ளுவிசை சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 டன். மண்ணின் எடை அதற்கு மேல். சுவரில் கசிவுத் துளை இருக்க வேண்டும், அதன் பின்னால் சரளையும் வடிதுணியும் வேண்டும். துணி இல்லாவிட்டால் துளை வழியே மணல் ஒழுகிப் புல்தரையில் குழி விழும். அதைப் பார்த்துப் பயந்து துளையை அடைப்பவர் அடுத்த புயலில் சுவரையே இழப்பார். 2022 செப்டம்பர் 28இல் கயோ கோஸ்டாவில் கரையேறிய இயன் புயலிலும் சுவர்கள் சரிந்தன.

கழிவுநீர்க் குழாய் இல்லாத வீடுகளில் செப்டிக் டேங்க். அதன் வடிதளத்துக்குக் (டேங்கிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் இறக்கும் இடம்) கீழே, மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேல், குறைந்தது 60 சென்டிமீட்டர் உலர் மண் வேண்டும் என்பது ஃபுளோரிடா விதி. அந்தக் காற்றோட்டமான மண்ணில்தான் கிருமிகள் சாகும், அம்மோனியா நைட்ரேட்டாக மாறும். கலிங்கு மட்டத்தை ஏற்றினால் நிலத்தடி நீர் ஏறி இந்த 60 சென்டிமீட்டரைத் தின்னும். ஏற்றாவிட்டால் கோடையில் தண்ணீர் இல்லை. சரியாக வேலை செய்யும் டேங்கிலிருந்தும் நைட்ரேட் கால்வாய்க்குக் கசியும். ஒருமுனை மூடிய ஆழமான கால்வாயில் அடிநீர் மேலே புரளாமல் ஆக்சிஜன் தீர்ந்து கிடக்க, மேலே பாசிக்கு உரம் வந்துகொண்டே இருக்கும். 2018 கோடையில் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் நீலப்பச்சைப் பாசி கால்வாய்களை மூடியதற்குப் பெரிய காரணம் ஓகீசோபி ஏரியிலிருந்து ஆற்றில் திறந்துவிட்ட நீர். ஆனால் முட்டுச்சந்துக் கால்வாய்களில் அது தேங்கி அழுகியதற்குக் காரணம் அந்தக் கால்வாய்களின் வடிவம். பகுதி பகுதியாகக் குடிநீர், கழிவுநீர், பாசனம் மூன்று குழாய்களையும் ஒரே தோண்டலில் போட்டுவருகிறார்கள். ஒரு வீட்டின் பங்கு 20,000 டாலரைத் தாண்டும். 1957இல் மனை விலையோடு சேர்த்து வாங்கியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

கொட்டிய மணல்மேட்டைச் சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டது ஒரு பறவை. தரையில் வளை தோண்டி வாழும் ஆந்தை. முன்பிருந்த சதுப்பில் அதற்கு வேலை இல்லை. மரம் நீக்கி மேடாக்கிய காலி மனை அதற்குத் தோதாகிவிட்டது. ஊரின் பறவையும் அதுதான். வளை உள்ள மனையில் வீடு கட்ட வனவிலங்குத் துறையிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். பெருமழையில் நிலத்தடி நீர் ஏறினால் செப்டிக் டேங்குக்கு முன்னால் மூழ்குவது பல இடங்களில் இந்த வளைதான்.