வலி நெற்றியில், கோளாறு பிடரியில்

வலது புருவத்துக்கு மேலே ஒரு வலி. அழுத்தும், கொஞ்சம் விடும், சாயங்காலமானால் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆள் என்ன செய்வார்? கண்ணாடியின் பவர் மாறிவிட்டதா என்று பார்ப்பார், சைனஸாக இருக்குமோ என்று ஆவி பிடிப்பார், நெற்றி எரிய எரியத் தைலம் தேய்ப்பார். அதே பக்கத்துப் பிடரி கல் மாதிரி இறுகிக் கிடப்பதை யாராவது கேட்டால்தான் சொல்வார், அதுவும் "அது எப்பவும் இருக்கிறதுதானே" என்று. சிலருக்கு விஷயமே அந்தப் பிடரியில்தான் இருக்கிறது.

இதற்குச் செர்விகோஜெனிக் தலைவலி என்று பெயர். கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி, அவ்வளவுதான். 1983இல் இதைத் தனி வகையாகப் பிரித்துப் பெயர் வைத்தவர் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஓட்டார் ஷோஸ்டாட்.

சரி, கழுத்தில் கோளாறு என்றால் கழுத்துதானே வலிக்க வேண்டும், நெற்றிக்கு ஏன் போகிறது? கழுத்தின் மேற்பகுதியிலுள்ள மூட்டுகள், தசைகள் ஆகியவற்றின் வலியை முதல் மூன்று கழுத்து நரம்புகள் தண்டுவடத்துக்குக் கொண்டுவருகின்றன. முகத்தின் வலியைக் கொண்டுவருவது ட்ரைஜெமினல் நரம்பு. இது மூளைத்தண்டுக்குள் நுழைந்ததும் அங்கேயே நின்றுவிடாமல், வலி இழைகளைக் கீழே அனுப்பிக் கழுத்துத் தண்டுவடத்தின் மேல்முனை வரைக்கும் இறங்கி வந்து, அந்தக் கழுத்து நரம்புகள் முடிகிற அதே செல்களின் மேலேயே முடிகிறது. இரண்டு வாசலுக்கும் சேர்த்து ஒரே காலிங் பெல் மாட்டின வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், மணி அடித்தால் ஆள் எந்த வாசலில் நிற்கிறார் என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? மூளை முன்வாசலுக்கு ஓடுகிறது. அதிலும் மிகக் கீழே வரை இறங்குபவை கண்ணையும் நெற்றியையும் சேர்ந்த இழைகள்தான், அதனால்தான் வலி தாடைக்குப் போகாமல் பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னாலும் புருவத்திலும் வந்து நிற்கிறது. மாரடைப்பில் இடது கை வலிக்கிறதே, அதே கணக்கு. நலமாக இருப்பவர்களின் மேல்கழுத்துத் தசையில் அடர்த்தியான உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தலை வலித்தது.

அதிகம் மாட்டுவது இரண்டாவது, மூன்றாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே உள்ள சிறு மூட்டு, குறிப்பாக வாகன விபத்தில் கழுத்து சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வெட்டி இழுபட்டவர்களுக்கு. அதற்கு மேலே, முதல் இரண்டு எலும்புகளின் மூட்டும் ஒரு சந்தேக ஆசாமி. நாம் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு மூட்டிலேயே நடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் இதைச் சோதிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். படுக்கவைத்து, மோவாய் நெஞ்சைத் தொடும் அளவுக்குத் தலையை மடக்குவார், அப்படி மடக்கினால் கீழ்க்கழுத்து மூட்டுகள் பூட்டிக்கொள்ளும், பிறகு தலையைத் திருப்பினால் திரும்புவது கிட்டத்தட்ட அந்த மேல் மூட்டு மட்டும்தான். சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் சுமார் 45 டிகிரி போகும். கோளாறு இருந்தால் 30 டிகிரி பக்கத்திலேயே முட்டிக்கொள்ளும். (வீட்டில் யாராவது கழுத்தைப் பிடித்துத் திருக வேண்டாம்.)

எக்ஸ்ரேயை நம்பி முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'தேய்மானம்' என்று எழுதிக் கொடுப்பார்கள், ஆனால் வலியே இல்லாதவர்களின் கழுத்திலும் தேய்மானம் இருக்கும், அதுவும் அது அதிகமாகத் தெரிவது கீழ்க்கழுத்தில், இந்தத் தலைவலி கிளம்புவதோ மேலே. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் சந்தேகப்படும் மூட்டுக்குப் போகிற நரம்பை ஊசி போட்டு மரக்கவைத்துவிட்டு நெற்றி வலி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒற்றைத் தலைவலியோடு (மைக்ரேன்) இது எளிதாகக் குழம்பும். பக்கம் மாறாமல் ஒரே பக்கமாக வருவது, பிடரியில் தொடங்கி முன்னால் ஏறுவது, கழுத்தைத் திருப்பினால் கிளம்புவது எல்லாம் கழுத்தைக் காட்டும். குமட்டல், துடிதுடிக்கும் வலி, வெளிச்சம் ஆகாமை என்றால் ஒற்றைத் தலைவலியின் பக்கம் சாயும். ஆனால் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் கழுத்து வலிக்கும், ஏனென்றால் மணி ஒன்றுதானே, தப்பு இரண்டு பக்கமும் நடக்கும்.

சட்டென்று இடி மாதிரி வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் மரத்தல், பேச்சுக் குழறல், அடிபட்டபின் வந்த வலி என்றால் கட்டுரை படிக்க நேரமில்லை, உடனே மருத்துவமனை.

வலிமாத்திரை இதற்குச் சுமார்தான், மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் விழுங்கினால் மாத்திரையே ஒரு தலைவலியைக் கொண்டுவரும். பயிற்சி பரவாயில்லை. 2002இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 200 பேரை எடுத்துப் பார்த்தபோது, ஆறு வாரப் பயிற்சியின் பலன் ஓராண்டு கழித்தும் நின்றது. பயிற்சி பார்க்கச் சப்பென்று இருக்கும்: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், மெதுவாக "ஆமாம்" என்று தலையாட்டுவது போல மோவாயை லேசாக இறக்கிப் பத்து விநாடி நிறுத்த வேண்டும். வேலை செய்ய வேண்டியது முதுகெலும்பை ஒட்டிய உள்தசை. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு வந்தால் தப்பான தசை இழுக்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் குறைத்து ஆட்டுங்கள்.