"ஸ்லோ வண்டிதானே மேடம்?"

இந்த வாரத்தில் வாடகை ஸ்கூட்டரில் விழுந்து எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களில் இவன் நான்காவது ஆள். வயது பத்தொன்பது, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தவன். மேலுதடு கிழிந்திருந்தது, முன்பல் ஒன்றைக் காணோம். வலது மணிக்கட்டு, நாங்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தபடியே, கவிழ்த்து வைத்த முள்கரண்டி போல வளைந்திருந்தது. மெட்ரோ வாசலில் போனில் ஸ்கேன் செய்து எடுத்த வாடகை மின் ஸ்கூட்டர். மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கியிருக்கிறது. வலியைவிட அவனுக்குப் பெரிய கவலை, ரைடை முடிக்காததால் நிமிடக் கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருப்பது. எங்கள் நர்ஸ் போனை வாங்கி முடிக்கப் பார்த்தார். வண்டியைப் பார்க்கிங் இடத்தில் விட்டால்தான் முடியும் என்றது செயலி.

ஹெல்மெட் எங்கே என்று கேட்டேன். "ஸ்லோ வண்டிதானே மேடம், தேவையில்லைன்னாங்க."

இந்த ஒரு பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது. லைசென்ஸ், நம்பர் பிளேட், காப்பீடு, ஹெல்மெட் எதுவும் கட்டாயமில்லை. தெருவில் நிற்கும் வாடகை வண்டிகளில் பல இந்த ரகம்தான். சரி, சட்டம் விட்டுவிட்டது. தார் ரோடு விடுமா?

ஒரு சின்னக் கணக்கு. 25 கி.மீ. வேகத்தில் போய் மின்கம்பத்தில் மோதுவது, எட்டடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடைவிடக் கொஞ்சம் உயரம். அங்கிருந்து தலைகீழாகக் குதிக்கச் சொன்னால் குதிப்பீர்களா? அவ்வளவு வேகம்கூட வேண்டாம். பாத்ரூமில் வழுக்கி விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டி வந்தவர்களைப் பற்றி எங்கள் வார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் போன வேகம் பூஜ்யம்.

2023 ஏப்ரலில் பாரிஸ் நகரம் இதற்காக வாக்கெடுப்பே நடத்தியது. அங்கே நின்றுகொண்டு ஓட்டுகிற ரகம். வாக்களிக்க வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் வந்தவர்களில் 89 சதவீதம் பேர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். செப்டம்பரில் தெருவில் ஒன்றுகூட இல்லை. அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை. டியூட்டி முடிந்த களைப்பில் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு நானே இந்த வண்டியை எடுத்திருக்கிறேன். பையில் ஹெல்மெட்டோடுதான்.

எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். உங்களுக்கு முன்னால் ஓட்டியவர் அதை எதில் மோதினாரோ, யார் கண்டது! இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், டயரை அமுக்கிப் பாருங்கள். ஒருவர் உட்காரும் வண்டியில் இன்னொருவரை நிற்க வைத்து ஓட்டாதீர்கள். அப்பா போனில் ஸ்கேன் செய்து ஏழாம் வகுப்புப் பிள்ளை ஓட்டினால், திட்டு அப்பாவுக்குத்தான். நடைபாதையில் ஏற்றவே ஏற்றாதீர்கள். இந்த வண்டி சத்தமே போடாது. காது மந்தமான பாட்டிக்கு நீங்கள் பின்னால் வருவது எப்படித் தெரியும்? அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடப்பதே சந்தேகம்.

டெலிவரி தம்பிகளிடம் அதட்டிப் பேச எனக்கு மனசு வராது. நிமிடத்துக்குக் கணக்குப் பார்க்கும் வேலை உங்களுடையது. ஆனாலும் மேப் பார்க்க ஒரு ஓரமாக நிறுத்துங்கள், சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வராதீர்கள். ஹெல்மெட் ஒன்று வாங்கிவிடுங்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு.

அப்புறம், விழுந்த பிறகு செய்ய வேண்டியவை. விழுந்த பல்லைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல், தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வாருங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. இந்தப் பையன் கொண்டு வரவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் அமுக்கினால் வலிக்கிறதா? முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் பத்து நாள் கழித்து மறுபடி காட்டுங்கள். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசுகிறாரே என்று மட்டும் நிம்மதியாகிவிடாதீர்கள். பேசிக்கொண்டிருந்தவர் சில மணி நேரத்தில் மயங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றிரவு அவரைத் தனியாக விடாதீர்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் கிளம்பி வாருங்கள். ராத்திரி இரண்டு மணி என்று தயங்க வேண்டாம். திட்டுவதைக் காலையில் வைத்துக்கொள்கிறேன்.